மூன்றாவது தடவையும் பிணைச்சல்தான்

களுவாஞ்சிகுடியிலிருந்து மாமா கோல் எடுத்த நேரம் சரியில்லை. "மருமகன், பிள்ளைக்கு வந்தாறுமூலை கம்பஸ் கிடைச்சிருக்கு, முகாமைத்துவம். உன்ட லப்டொப் மாதிரியே ஒண்டு எடுப்பமா?" என்று கேட்டார். நான் அப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு திருத்தும் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்ட லப்டொப் மூன்றாவது தடவையாக எதிரே மேசையில் குடல் தெரியக் கிடந்தது. "பிறகு எடுக்கிறன் மாமா" என்று வைத்துவிட்டேன்.

கம்பஸ் இரண்டாம் வருடத்தில், 2021இல் வாங்கியது. 15.6 அங்குலத் திரை, ஐ5, 8 ஜிபி ரேம். அந்த விலைக்கு எல்லோரும் வாங்கிய வகைதான், அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பேச வேண்டியது பிணைச்சலைப் பற்றி.

மூடியையும் உடம்பையும் சேர்க்கும் அந்த இரும்பு படலைக் கொண்டி மாதிரி விறைப்பு. அதைப் பிடித்து வைத்திருப்பதோ பிளாஸ்டிக்கில் புதைத்த, பயறளவுப் பித்தளை நட்டுகள். திறக்கும்போதெல்லாம் இரும்பு அசைய மறுக்க, பிளாஸ்டிக்தான் வளைந்து கொடுக்கிறது. ஒன்றரை வருடம் வளைந்தது. ஒருநாள் 'டக்' என்றது. மறுகா வலது மூலையில் மூடி வாயைப் பிளந்துகொண்டது.

கடைக்காரத் தம்பி பிடுங்கி வந்த நட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுற்றிவர பிளாஸ்டிக் துகள், பல்லோடு ஈறும் சேர்ந்து வந்தது போல. "ஒற்றைக் கையால மூலையில புடிச்சுத் திறக்கிறீங்க போல அண்ணே" என்றார். உண்மைதான், மற்றக் கையில் தேத்தண்ணி இருக்கும். அரால்டைட் போட்டு ஒட்டித் தந்தார். அடுத்த வருடம் இடது பக்கம். இந்த முறை பிணைச்சலுக்குள்ளால் போகும் திரை வயரையும் நசித்துவிட்டது. மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற அன்று திரை மின்மினிப் பூச்சியாக அணைந்து அணைந்து எரிந்தது. அன்று வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் என் அசைன்மென்ட்களை இதுதான் காப்பாற்றியது. கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றி, இருட்டில் இதன் வெளிச்சத்திலேயே எழுதினேன். இப்போது பற்றரி ஒரு மணித்தியாலம்தான் நிற்கும். வயது போய்விட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் வலது பக்கத்து நம்பர் பேட். வாங்கும்போது அதைக் கவனித்ததே இல்லை. கிரயக் கணக்கியல் படிக்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. இப்போது கல்முனையில் வேலை. வவுச்சர் பதிகிறபோது கண் கடதாசியில், விரல் தானாக ஓடும். 5 என்ற கட்டையில் விரலுக்கு இடம் காட்டுகிற சின்ன மேடு தேய்ந்தே போய்விட்டது. கூடப் படித்தவன் பாரம் குறைவு என்று 14 அங்குலம் எடுத்தான். நம்பர் பேட் தனியாக வாங்கி யூஎஸ்பியில் குத்துகிறான், பாதி நாள் அதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறான்.

மச்சாளுக்கு ஆப்பிளின் மக் லப்டொப்பில் ஆசை இருக்கிறதாம். வணிகம் படிக்கிற பிள்ளைக்கு அது சரிவராது. மக்கில் ஓடும் எக்ஸலில் பெரிய தரவுகளைச் சேர்த்து அலசும் பவர் பிவட் இல்லை, அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளே மக்குக்குக் கிடையாது. விண்டோஸ் எடுக்கட்டும். 16 ஜிபி ரேம், இல்லாவிட்டால் பிறகு கூட்டுவதற்கு ஒரு இடமாவது இருக்க வேண்டும். 8 ஜிபியில் புள்ளிவிபரம் பார்க்கிற எஸ்பிஎஸ்எஸ், சூம், பத்து குரோம் பக்கம் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் விசிறி கத்தத் தொடங்கும். கடையில் வைத்தே மூடியைப் பத்துத் தடவை திறந்து பார்க்கட்டும். திறக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் பிணைச்சல் விறைப்பு என்று அர்த்தம், வைத்துவிட்டு வரட்டும்.

தம்பி மூடியைப் பூட்டி, ஸ்க்ரூ எல்லாம் முறுக்கி, "நடுவில புடிச்சுத் திறங்க" என்று தந்தார். ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம் கொடுத்து வாங்கிய சாமானை எப்படித் திறப்பது என்று நாலு வருடத்துக்குப் பிறகு பழகுகிறேன். மாமாவுக்கு எடுத்தேன். "இதை மட்டும் எடுத்துடாதீங்க மாமா" என்றேன்.

"அப்ப நீ புதுசு எடுக்கப் போறியா மருமகன்?"

மடியில் வைத்துத் திறந்தேன். விரல் தேய்ந்த 5இல் போய் நின்றது.

"இல்ல மாமா. எனக்கு இதுவே போதும்."