அடுக்குமாடி வீட்டில் நாய்க்குட்டி: பயிற்சி விரிப்பு எந்த அளவுக்கு உதவுகிறது?

கோலாலம்பூரின் செந்தூலில் 14ஆவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு, நாய்க்குட்டியைக் கீழே அழைத்துச் சென்று சிறுநீர் கழிக்கப் பழக்கும் வழக்கமான முறை தொடக்கத்தில் கைகொடுப்பதில்லை. தடுப்பூசித் தொடர் முடியக் குட்டிக்கு ஏறத்தாழ 16 வார வயதாகிவிடும். மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கக்கூடிய பார்வோ என்னும், குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரசுக்கு அஞ்சி, அதற்குமுன் பொதுப் புல்வெளியில் இறக்கிவிட வேண்டாம் என்றே கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனவே குட்டி வீட்டுக்குள்ளேயே கழிப்பதற்காக, கடைகளில் ‘ட்ரெய்னிங் பேட்’ என்று விற்கப்படும் பயிற்சி விரிப்பை வாங்காமல் முடியாது. எங்கள் பூடில் குட்டிக்கு வாங்கியது 60க்கு 45 சென்டிமீட்டர் அளவுடையது. 50 விரிப்புகள் கொண்ட பொட்டலத்தின் விலை 30 மலேசிய வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.

உறிஞ்சும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. மேலே நெய்யாத மெல்லிய துணி, நடுவில் மரக்கூழும் டயப்பரில் இருக்கும் அதே வகைப் பாலிமர் மணிகளும், அடியில் நீர் கசியாத நெகிழித் தாள். குட்டி நகர்ந்த சிறிது நேரத்தில் விரலால் அழுத்திப் பார்த்தால், உள்ளே ஜெல் திரண்டிருப்பது தெரிகிறதே தவிர ஈரம் ஒட்டுவதில்லை. பொட்டலத்தின் மேல் பெருமையாக அச்சிட்டிருக்கும் கொள்ளளவை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். தூய நீரை உறிஞ்சும் அளவுக்கு உப்புள்ள சிறுநீரை இந்தப் பாலிமர் உறிஞ்சாது.

குட்டியை ஈர்ப்பதற்கென்று பூசியிருக்கும் வாசனைதான் வீண் செலவு. வாசனையுள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றி விரித்துப் பார்த்தோம். குட்டி இரண்டையும் ஒன்றாகவே மதித்தது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கால் மணி நேரத்திற்குள், விளையாட்டின் நடுவே தரையை முகர்ந்து வட்டமிடத் தொடங்கும்போது என்று நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டுபோய் விரிப்பில் விட்டு, முடித்த கணமே ஒரு துண்டுத் தின்பண்டம் கொடுத்ததால்தான் அது பழகியது. மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்திற்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. ஆகவே பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் விரிப்பு தானாக எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. மூக்கைச் சிறுநீரில் தேய்க்கச் சொல்லும் பெரியவர்கள் நம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இன்னும் இருக்கிறார்கள். அதனால் குட்டி கற்றுக்கொள்வது சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து கழிப்பதை மட்டுமே.

காலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் கழிப்பிடம் என்று குட்டி முடிவுகட்டிவிடுவது இன்னொரு சிக்கல். குளியலறை மிதியடியும் சாமி அறைப் பாயும் அதன் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பல் முளைக்கும் வயதில் விரிப்பைக் கடித்துக் கிழிக்கவும் செய்யும். உள்ளிருப்பதை விழுங்கினால் குடலில் அடைப்பு ஏற்படலாம். விரிப்பை உள்ளே வைத்து, மேலே துளைகளுள்ள நெகிழித் தட்டியால் மூடும் தட்டு ஒன்றைச் சேர்த்து வாங்கினால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கிறது. அந்தத் தட்டு இல்லாமல் விரிப்பை மட்டும் வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துவைத்துப் பயன்படுத்தும் துணி விரிப்பு சிக்கனமானதுதான், ஆனால் மாலைதோறும் மழை பெய்யும் மாதங்களில் பால்கனியில் காய்வதில்லை. தவறிய இடங்களைத் துடைக்க என்சைம் கலந்த திரவமே ஏற்றது. குளோரின் வெளுப்பானைச் சிறுநீரின் மேல் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும்.

எதிர்பாராத ஒரு பயனையும் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் மலாய்க் குடும்பங்களும் உள்ளன. நாயின் ஈரம் பட்டதை, ஒருமுறை மண் கலந்த நீரால் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர்களின் சமய விதி. மருத்துவரிடம் போகும்போது கூடைக்குள் ஒரு விரிப்பைப் போட்டுக் குட்டியைத் தூக்கிச் செல்வதால், மின்தூக்கியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை.

கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். துணியும் கூழும் நெகிழியும் ஒட்டிக் கிடக்கும் இந்த விரிப்பு மறுசுழற்சிக்கு ஆகாது. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, ஈரப்பக்கம் உள்ளே இருக்குமாறு சுருட்டிக் கட்டி, மற்றக் குப்பையோடு போட வேண்டும்.