குற்றாலமா, குமரியா? தண்ணீர் ஏமாற்றினால் என்ன மிஞ்சும்?

வயதான அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், சொந்தக் கார் கிடையாது, லீவு மே மாதத்தில்தான். இந்தக் கணக்கோடு ஊர் தேடியபோது எங்கள் வீட்டில் மூன்று பெயர்கள் அடிபட்டன: தரங்கம்பாடி, குற்றாலம், குமரி மாவட்டம். கடைசியில் நாகர்கோவிலில் அறை போட்டோம். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உங்கள் லீவு ஜூலையில் என்றால் மட்டும் பதில் வேறு.

தரங்கம்பாடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், கூட்டமில்லாத அகலத் தெருக்கள். பழைய கட்டடங்களில் பிரியமுள்ளவர்களுக்கு அருமையான ஊர். திருக்கடையூரும் பூம்புகாரும் பக்கம். ஆனால் கோட்டையைப் பார்த்து முடித்த அரை மணி நேரத்தில் பிள்ளைகள் "அப்புறம்?" என்பார்கள். நான் பகலில் போய்த் திரும்பியவன்தான், இரவு தங்கியதில்லை. தங்கினால் அந்த ஊரின் அமைதி வேறுமாதிரி பிடித்துப்போகலாம்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

சாரல் காலத்துக் குற்றாலத்துக்கு ஈடு சொல்ல என்னிடம் ஊர் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வர, வெயிலும் தூறலும் மாறி மாறி அடிக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரே நாளில் மூன்று குளியல் போடலாம். ஆட்டோவே போதும். பிரானூரில் பரோட்டா. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தால் அதுவும் சேர்த்தி.

இந்தச் சுகமெல்லாம் தண்ணீர் ஒன்றை நம்பித்தான். அருவிகளுக்கு மேலே தண்ணீரைத் தேக்கி வைத்து நிதானமாக விட ஒரு பெரிய அணை கிடையாது. மலையில் மழை பெய்தால் சிற்றாற்றில் வரும். நின்றால் சில நாளில் நூலாகிவிடும். அளவு மீறிப் பெய்தாலோ குளிக்கத் தடை. வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் வரும்தான், ஆனால் அப்போது தடையும் அடிக்கடி வரும். ஆக, சரியான அளவுக்கு விழுகிற நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். சென்னையிலிருந்து ஒரு மாதம் முன்பே ரயில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு அது சூதாட்டம். தோற்றால் கையில் நிற்பது குற்றாலநாதர் கோயில், ஓவியங்கள் நிறைந்த சித்திர சபை, தென்காசிக் கோபுரம். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் துண்டும் மாற்றுத்துணியுமாகக் கிளம்பிய பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் விழாத குற்றாலம் மாப்பிள்ளை வராத கல்யாண வீடு.

ஊரைத் தேர்ந்தெடுக்க அழகைவிட இந்தக் கேள்வியைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டோம்: நாள் தவறினால் என்ன மிஞ்சும்? இதில் குமரி மாவட்டம் அசைக்க முடியாத இடத்தில் நிற்கிறது. இரண்டு பருவமழையும் எட்டும் மாவட்டம் என்பதால் மேற்கே குலசேகரம் பக்கம் ரப்பரும் வாழையும் தென்னையுமாக மே மாதத்திலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. (கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் அந்தப் பச்சையை எதிர்பார்க்க வேண்டாம், அங்கே காற்றாலைகள்தான்.) திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருக்கிறது, அதற்கு மேலே பேச்சிப்பாறை அணை. நாங்கள் போனபோது தண்ணீர் குறைவுதான். பிள்ளைகள் நனைந்து கூத்தடிக்கப் போதுமானதாக இருந்தது. குற்றாலத்துப் பேரருவியின் அடி இங்கே கிடைக்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அணையிலிருந்து உபரி நீர் திறந்தால் இங்கும் தடைதான்.

திற்பரப்பு ஏமாற்றினாலும் மாத்தூர் தொட்டிப்பாலம் ஏமாற்றாது. 1966-இல் கட்டியது, 115 அடி உயரம். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டி, பக்கத்திலேயே நடைபாதை. மே மாதத்தில் தொட்டி காய்ந்து கிடந்தது. அணை திறப்பது ஜூனில். அதனால் என்ன, கீழே பறளியாறும் தென்னந்தோப்பும் எங்கேயும் போய்விடவில்லை. அம்மா பாதிப் பாலம் வரை நடந்துவிட்டு, காற்று போதும் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

கடல் பக்கம் வந்தால் முட்டத்துப் பாறைகள், சொத்தவிளை, வட்டக்கோட்டை. இதில் வட்டக்கோட்டைக்கே என் ஓட்டு. மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கன்னியாகுமரிப் படகைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை எழும்பினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுகிற நாளில்கூட வள்ளுவர் சிலைக்குப் பல நேரம் ஓடாது. 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்தக் கரை குளிப்பதற்கான கரை இல்லை. கரையில் காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தெற்கே கிளம்பிய பேரலை வந்து அடிக்கும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். எச்சரிக்கை வந்த நாளில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். அப்படி ஒரு நாள் அமைந்தால் மலைப்பக்கம் போய்விடலாம். மலையில் மழை என்றால் கடற்கரை, இரண்டும் கெட்டால் பத்மநாபபுரம் அரண்மனை. நாகர்கோவிலிலிருந்து இதில் பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரத்துக்குள். வடசேரி, அண்ணா என்று இரண்டு பஸ் நிலையங்கள். எந்தப் பஸ் எங்கிருந்து என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்களுக்கு டவுன் பஸ் உண்டு, மாத்தூருக்கு மட்டும் நாங்கள் கார் பிடித்தோம்.

சாப்பாடு பற்றி ஒரே வரி: மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்.

செலவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சீசன் சனி, ஞாயிறுகளில் குற்றாலத்தில் அறை வாடகை எகிறும். ஜூலையில் லீவு கிடைத்து, வார நாளில் போக முடிந்து, முந்தின நாள் கிளம்புகிற சௌகரியமும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குற்றாலம் போங்கள். நானும் அதைத்தான் செய்வேன். நாகர்கோவில் போகிறவர்கள் திங்கட்கிழமையைக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, அன்றைக்கு அதற்கு விடுமுறை. உள்ளே மரப்படிகள் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.