கோரை கிழிக்கும் எந்திரத்துக்கு மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி 47,200 ரூபாய் பறித்துவிட்டார்கள்

கோர்வையாக எழுத வராது, கோபத்தில் இருக்கிறேன். இன்று மதியம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கட்டிய பணம் 47,200 ரூபாய். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். மாமியார் வீட்டில் பத்தமடைப் பாய் நெய்கிறார்கள். பட்டுப் பாய் என்றால் கோரையை இழை இழையாகக் கிழித்து எடுக்க வேண்டும். கத்தியோடு உட்கார்ந்தால் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போகும். கல்யாணமான நாளிலிருந்து அத்தையின் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து, தையல் மிஷின் மோட்டாரை வைத்து ஓர் எந்திரம் செய்தேன். ஒரு கோரையை எட்டாகக் கிழிக்கும். ஆனால் பத்தில் மூன்று இன்னமும் பாதியில் அறுந்துபோகிறது. அதைச் சரிசெய்யத்தான் பணம் தேவைப்பட்டது.

எந்திரம் ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். மறுநாளே ஒரு செய்தி வந்தது. கலைஞர்களுக்கும் கண்டுபிடிப்பாளர்களுக்கும் மானியம், ஃபெலோஷிப் எல்லாம் வாங்கித் தரும் ஆலோசனை நிறுவனமாம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ காலில் வந்தவர் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "சார், நார் அறுந்துபோகாம இருக்க பிளேடை எத்தனை டிகிரில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பட்டறையில் கேட்டதில்லை, வங்கியில் கடன் கேட்கப் போனபோதும் கேட்டதில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். கோரையை எவ்வளவு நேரம் ஊற வைக்கணும், உருளை ரப்பராக இருந்தால் ஏன் வழுக்குகிறது, எல்லாம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "நல்ல மனுசனாத் தெரியுதாரு மாப்ளே" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

அப்புறம் ஒரு பிடிஎஃப் வந்தது. அமெரிக்காவில் மேதைகளுக்குக் கொடுக்கும் பெரிய ஃபெலோஷிப் ஒன்று இருக்கிறதாம், அதன் 'இந்தியப் பிரிவில்' என் பெயர் முதல் சுற்றில் தேறிவிட்டதாம், 25 லட்சம் ரூபாய் கிடைக்குமாம். திட்ட அறிக்கைக்கு 18,000, காப்புரிமை பதிவுக்கு 12,000, கோப்புக் கட்டணம் 10,000. மொத்தம் 40,000. அதன் மேல் ஜிஎஸ்டி 7,200. வரியெல்லாம் போட்டு பில் வந்ததால் இன்னும் நம்பினேன். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்பதைப் பணம் கட்டி மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.

கட்டிய மறுநாளிலிருந்து பேச்சு மாறியது. "கமிட்டியில இருக்கு சார்." "சார் மீட்டிங்ல இருக்கார்." "டெல்லியில லீவு." பிளேடைப் பற்றிக் கேட்டவர் அதன் பிறகு ஒருமுறைகூட லைனில் வரவில்லை. பேசிய பெண் ஒவ்வொரு முறையும் என் பெயரை முதலிலிருந்து கேட்டார். போன வாரம் "அனுமதிக் கடிதம் வந்துருச்சு, விடுவிக்க 15,000 கட்டணும்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆலோசனைக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரே வரியில் பதில். பார்த்தால் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது.

காவல் நிலையத்தில் இருந்தவரும் அந்த ஒப்பந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது சிவில் மேட்டர் மாதிரி இருக்கே தம்பி" என்றார். மனு வாங்கிக்கொண்டார், ரசீது கேட்டு வாங்கினேன்.

கட்டுவதற்கு முன்னால் தேட வேண்டியதை மூன்று நாளாக உட்கார்ந்து தேடினேன். அமெரிக்காவில் அப்படி ஒரு ஃபெலோஷிப் உண்மையிலேயே இருக்கிறது. மெக்ஆர்தர் அறக்கட்டளை 1981 முதல் கொடுக்கிறது, இப்போது 8 லட்சம் டாலர், ஐந்து வருடத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் இந்தக் கும்பலுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு யாரும் விண்ணப்பிக்கவே முடியாது. அவர்களே ரகசியமாகப் பரிந்துரை வாங்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். கட்டணம் என்ற பேச்சே கிடையாது. பத்து நிமிடம் படித்திருந்தால் 47,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

காப்புரிமைக்கு 12,000 வாங்கினார்களே, தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். தற்காலிக விண்ணப்பம் போட்டு வைத்தால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. என் பெயரில் விண்ணப்பம் போட்டதற்கு ஒரு எண் கேட்டேன், இன்றுவரை தரவில்லை. பணத்தைவிட இதுதான் தூங்க விடவில்லை. பிளேடு கோணம், உருளை அளவு, வரைபடம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

உண்மையான வழிகளும் இருந்திருக்கின்றன. படிப்பு இல்லாமல் சொந்த மூளையில் எந்திரம் செய்பவர்களுக்காகவே குஜராத்தில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நம் கோவை முருகானந்தம் அவர்களின் நாப்கின் எந்திரத்துக்கு விருது கொடுத்ததும் அவர்கள்தான். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ் திட்டத்தில் மாதிரி எந்திரம் செய்ய 10 லட்சம் வரை மானியம் உண்டு. கல்லூரிகளிலும் வேறு இடங்களிலும் நடக்கும், புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு உதவும் தொழில் வளர்ப்பகங்கள் (இன்குபேட்டர்) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கூத்து, இசை, ஓவியம் என்று இருப்பவர்களுக்கு மத்தியக் கலாச்சாரத் துறையின் ஃபெலோஷிப் இருக்கிறது, இளையவர்களுக்கு மாதம் 10,000, மூத்தவர்களுக்கு 20,000, இரண்டு வருடத்துக்கு.

விரிவாக என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். மானியம் தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் போனை வையுங்கள். அவர்கள் சொல்லும் திட்டத்தின் பெயரை அந்த அமைப்பின் சொந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் அனுப்பும் இணைப்பில் பார்க்காதீர்கள். வரைபடத்தைக் காப்புரிமை விண்ணப்ப எண் கைக்கு வரும் முன் யாருக்கும் அனுப்பாதீர்கள். பணம் போனால் அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நான் ஒரு மாதம் தாமதித்துவிட்டேன்.

'மேதை ஃபெலோஷிப் இந்தியப் பிரிவு' என்று தலைப்புப் போட்ட பிடிஎஃப் உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் சிவில் என்று சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அவர்களோடு பேசியதை எல்லாம் இன்று பிரிண்ட் எடுத்தேன், 31 பக்கம் வந்திருக்கிறது. காலையில் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் நிலையத்துக்குப் போகிறேன்.