டில்ட் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 1,85,000 ரூபாய் போச்சு

இன்று காலையில் அதே சிவப்பு டிரெய்லர் படம், பழைய இயந்திரங்கள் விற்கும் ஆப்பில் மறுபடியும் வந்திருக்கிறது. "நல்ல கண்டிஷன், ஒரே ஓனர்" என்று அதே வாசகம். அந்தப் படத்தைக் காட்டி விற்ற வண்டி என் வீட்டு வாசலில் உபயோகமில்லாமல் நிற்கிறது. 1,85,000 ரூபாய். வயிறு எரிகிறது. இன்னொருத்தர் அங்கே போய் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் மூன்று டன் மினி எக்ஸ்கவேட்டர், அதாவது குழி பறிக்கும் சின்ன மிஷின் ஒன்று இருக்கிறது, நானேதான் ஓட்டுகிறேன். தோப்புக்குச் சொட்டுநீர்ப் பைப் பதிக்க, கேபிளுக்குக் குழி பறிக்க என்று மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் வேலை வரும். ஜேசிபி என்றால் டயர் இருக்கிறது, தானே ரோட்டில் ஓடிவிடும். இது செயின் வண்டி, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கிடைக்கிற கூலியில் பாதி லாரி வாடகைக்கே போகிறது என்று டிராக்டருக்குப் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லர் தேடினேன்.

ராம்ப், அதாவது மிஷின் ஏறச் சாய்த்து மாட்டும் இரும்புப் பலகை வைத்ததா, டில்ட்டா என்று நன்றாகவே யோசித்தேன். டில்ட்டில் தளமே பின்பக்கம் சாய்ந்து தரையைத் தொடும். கனமான ராம்ப்பைத் தூக்கி மாட்ட ஆள் தேட வேண்டாம், ஒருவரே ஏற்றி இறக்கலாம். சரிவு குறைவு என்பதால் ரோலர் மாதிரி தரையோடு ஒட்டிய மிஷின்கூட அடி இடிக்காமல் ஏறும். தளம் சாய்கிற நடு அச்சை மிஷின் தாண்டியதும் அதன் எடையிலேயே தளம் படுத்துவிடும். தடாலென்று விழாமல் தாங்கி இறக்க ஒரு ஆயில் சிலிண்டர் உண்டு. பாதகம் என்றால், வண்டியின் சொந்த எடை அதிகம், அந்த அளவுக்கு ஏற்றும் பாரம் குறையும். விலையும் கூடுதல். அச்சு பின், புஷ், சிலிண்டர் சீல், படுத்த தளத்தைப் பூட்டும் கொக்கி எல்லாமே தேய்கிற சாமான். ராம்ப் வளைந்தால் எந்த வெல்டிங் பட்டறையிலும் நிமிர்த்திக்கொள்ளலாம். இதில் கொக்கி விட்டுப்போனால் ஓடுகிற ரோட்டில் மிஷினோடு தளம் சாயும். ஒழுங்கான வண்டி கிடைத்தால் டில்ட்தான் நல்லது என்று இப்போதும் சொல்வேன். எனக்குத் தள்ளிவிட்டது ஒழுங்கான வண்டி இல்லை.

மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய யார்டு, பழைய டிராக்டர், டிரெய்லர் வாங்கி விற்கிற இடம். "வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று முதலில் மோர் வந்தது. அப்புறம் ஓனரே லீவரைத் தட்டினார். தளம் சாய்ந்தது. ஓரமாக நின்ற சின்ன ரோலரை அவரே ஓட்டி ஏற்றினார். பாதி தாண்டியதும் தளம் பையப் படுத்து, டக்கென்று கொக்கி விழுந்தது. அந்த டக்கில்தான் நம்பிக்கை வந்தது. அந்த ரோலர் என் மிஷினில் பாதி எடைகூட வராது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? "நாளைக்கு உங்க மிஷினையே கொண்டாங்க, ஏத்திக் காட்டுறேன். ஆனா சோழவந்தான் பார்ட்டி சாயங்காலம் பணத்தோட வர்றாரு, அதையும் சொல்லிப்புட்டேன்" என்றார். ஒரு லட்சம் வங்கி மூலமாகவும், 85,000 ரொக்கமாகவும் கொடுத்தேன். "டிரெய்லர் 1, ரூ.1,85,000" என்று ஒரு துண்டுச் சீட்டு. ஆர்.சி. ஒரு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடுமாம்.

முதல் வேலை வாடிப்பட்டி பக்கம் ஒரு தென்னந்தோப்பில். மிஷின் அச்சைத் தாண்டியதும் தளம் தடாரென்று அறைந்தது, சிலிண்டரில் ஆயிலே நிற்கவில்லை. வேலை முடிந்து தோப்பிலிருந்து ரோட்டுக்கு மேடேறும்போது கொக்கி தெறித்து, மிஷினோடு தளம் பின்னால் சாய்ந்தது. இரும்புச் சங்கிலி போட்டு இறுக்கியிருந்ததால் மிஷின் நின்றது. பின்னால் ஒரு பைக் வந்திருந்தால்? நினைத்தாலே கை நடுங்குகிறது. அங்கிருந்த லேத் பட்டறைக்காரர் அச்சு மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே விரிசல், அதன்மேல் ஒப்புக்கு வெல்டிங், அதன்மேல் பட்டி, அதன்மேல் பளபளவென்று சிவப்பு. சேஸ் நம்பர் இருக்க வேண்டிய இடம் தேய்த்து விடப்பட்டிருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதலில் "ஆயில் ஊத்துனா சரியாயிரும்ணே". அடுத்து, வெல்டர் ஊருக்குப் போயிருக்கிறார். பிறகு "சித்திரைத் திருவிழாண்ணே, பசங்க எவனும் வேலைக்கு வரல. அழகர் ஆத்துல இறங்கட்டும், மறுநாள் உங்க வேலைதான்". அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். யார்டில் போன் எடுக்க ஆளில்லை. நேரில் போனால் அண்ணே போய் "சார்" ஆகிவிட்டது: "ஓவர்லோடு ஏத்துனது நீங்க சார். பழைய வண்டிக்கு ஏது கேரண்டி?" மூன்று டன் மிஷினுக்கு என்று கேட்டுத்தானே 1,85,000 ரூபாய் வாங்கினீர்கள் என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஆப்பில் புகார் போட்டால், நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம், பணப் பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி பதில்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மிஷினையே ஏற்றிப் பாருங்கள், அவர்கள் காட்டும் மிஷினை அல்ல. அச்சுப் பக்கம் ஆணியால் பெயிண்டைச் சுரண்டுங்கள், முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள். வெறும் வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். டிரெய்லருக்கு டிராக்டரோடு சேராத தனி ஆர்.சி. உண்டு; அது கைக்கு வந்து, சேஸ் நம்பர் ஒத்துப்போகிற வரை ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

"வியாபாரத்துக்கு வாங்குனது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்றும் யார்டில் மிரட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைக்க ஒருவர் தானே பயன்படுத்த வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை இல்லை என்று வக்கீல் சொன்னார். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். உதவி எண் 1915.

என் மனு தயாராகிறது. 1,85,000 ரூபாயில் ஒரு லட்சத்துக்கு வங்கி அத்தாட்சி இருக்கிறது, மீதிக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான். இதே மாதிரிச் சீட்டோடு ரிங் ரோட்டுப் பக்கம் யாராவது அலைந்துகொண்டிருந்தால், கிழித்துப் போட்டுவிடாதீர்கள், சேர்ந்து போகலாம்.