எந்தத் தெருவுக்கு முதலில் தார்: புகாரா, லேசர் வண்டியா, நடையா?

ஒரு வருட நிதியில் ஊரிலுள்ள எல்லாத் தெருக்களுக்கும் தார் போட்டுவிட முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க மாநகராட்சிகளுக்கு மூன்று வழிகள் உண்டு: வரும் புகார்களை எண்ணுவது, லேசர் பொருத்திய வண்டியை ஓட்டி அளப்பது, ஆட்கள் நடந்து பார்த்து மதிப்பெண் போடுவது. சென்னை போன்ற ஊரின் உட்புறத் தெருக்களுக்கு மூன்றாவதுதான் சரி என்பேன்.

புகாருக்குத் தனியாகச் செலவில்லை. சென்னை மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு போன் வந்தால் பதிவாகிவிடும். ஆனால் புகார் வரும்போதே குழி விழுந்திருக்கும். விடாமல் கேட்கும் ஆட்கள் இருக்கிற தெரு பட்டியலில் மேலே ஏறும்; கேட்காத தெரு அப்படியே கிடக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012-இல், காரில் இருக்கும் போன் குலுங்குவதை வைத்துப் பள்ளம் கண்டுபிடிக்கும் ஓர் ஆப் கொண்டுவந்தது. ஸ்மார்ட்போன் குறைவாக இருக்கும் பகுதிகள் விடுபட்டுப் போகுமே என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. பேட்ச் ஒர்க்குக்குப் புகார் போதும், வருடத் திட்டத்துக்குப் போதாது.

லேசர் வண்டி சாலையின் மேடுபள்ளத்தை அளந்து, கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று ஓர் எண் தரும். உலக வங்கி 1982-இல் பிரேசிலில் நடத்திய சோதனையிலிருந்து பிறந்த அளவுகோல் இது. நெடுஞ்சாலைக்கும் பஸ் போகும் பெரிய சாலைக்கும் அருமையான கருவி. ஆனால் அது ஓரளவு சீரான வேகத்தில் ஓட வேண்டும். நூறு மீட்டர் தெருவில் ஒரு வேகத்தடை, மூன்று மேன்ஹோல், குறுக்கே நிற்கும் ஆட்டோ என்றிருந்தால் வருகிற எண்ணை எதற்கு வைத்துக்கொள்வது? வேகத்தடையும் கெட்ட சாலைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

நடந்து பார்ப்பவருக்குத் தெரிவது வேறு. சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல் மாதிரி விரிசல்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் அடித்தளமே பலம் இழந்துவிட்டது. மேலே தார் போட்டால் நிற்காது. நீளவாக்கில் ஒற்றை விரிசல் மட்டும் ஓடுகிறது, தார் வெளுத்து ஜல்லி லேசாகப் பெயர்கிறது என்றால் இப்போதே மூடிவிடலாம், செலவு குறைவு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1970-களில் வகுத்த முறை இதைத்தான் செய்கிறது: குறையின் வகை, தீவிரம், பரப்பு மூன்றையும் குறித்து, நூறிலிருந்து மதிப்பெண் கழிக்கும்.

ஆளுக்கு ஆள் பார்வை மாறும் என்பது உண்மையான குறை. பயிற்சி தர வேண்டும், சில தெருக்களை இன்னொருவரை விட்டு மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அடித்தளத்தின் பலத்தைக் கண்ணால் அளக்கவும் முடியாது. பஸ் சாலைகளில், பாரம் ஏற்றிய லாரியின் கீழ் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் பெங்கல்மேன் பீம் சோதனை தனியாகத் தேவை.

சரி, மதிப்பெண் வந்துவிட்டது. பலரும் தவறுவது இதற்கு அப்புறம்தான். மிக மோசமான தெருவிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று தோன்றும். அப்படியே செய்தால், பணம் முழுக்கப் பாழான தெருக்களைத் தோண்டிப் போடுவதிலேயே கரைந்துவிடும். அதற்குள் நடுத்தர நிலையில் இருந்தவையும் பாழாகும். தார்ச்சாலை பல வருடம் மெதுவாகக் கெட்டு, ஒரு கட்டத்துக்குப் பிறகு சட்டென்று சரியும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி நகரங்கள் இதனால்தான் மதிப்பெண் 60-க்குக் கீழே இறங்குவதற்குள் பராமரிக்கப் பார்க்கின்றன. நிதியில் ஒரு பங்கை நடுத்தரத் தெருக்களுக்கென்று ஒதுக்கி, அதைத் தொடாமல் வைக்க வேண்டும். குழிகளை உடனே அடைத்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

நம் ஊருக்குப் பட்டியலில் இன்னொரு கட்டமும் வேண்டும்: குடிநீர் குழாய்க்கோ, மின் கேபிளுக்கோ, மழைநீர் வடிகாலுக்கோ அந்தத் தெருவை வெட்டப் போகிறார்களா? ஆம் என்றால், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் வெட்டி மூடும்வரை அங்கே புதுத் தார் போடக் கூடாது.