நக்சோஸ் தீவும் வராத பில்லும்

"டேய், நீ நாலு தடவை கிரேக்கத் தீவுக்குப் போயிட்டு வந்தவன். சைவம் சாப்பிடுறவங்களுக்கு அங்கே ஒத்துவருமா?" என்று நண்பன் போன வாரம் கேட்டான். ஒரு வரியில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். பழைய கோபம் கிளம்பிவிட்டது.

நான்கு முறையும் நக்சோஸ்தான். பக்கத்துத் தீவான சான்டோரினியைக் கப்பலில் இருந்து பார்த்ததோடு சரி. ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று அடிக்கும். முதலில் ரத்தாவது வேகப் படகுகள்தான். ஆகவே பெரிய கப்பல், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ். இதற்கு மேல் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பாடு பிரமாதம். தவேர்னா என்ற உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "நிஸ்திசிமா என்ன இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். விரத உணவு என்று அர்த்தம். இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாய், இறால், ஆக்டோபஸ் எல்லாம் அவர்கள் விரதத்தில் சாப்பிடலாம். முதல் பயணத்தில் என் மனைவி இதைத் தட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தக்காளியில் வெந்த வெண்டைக்காய், அடுப்பில் வாட்டிய பெரிய வெள்ளை பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த காட்டுக் கீரை இவையெல்லாம் ஆலிவ் எண்ணெயில் மிதந்துகொண்டு வரும், சூடில்லாமல். சூடு பண்ணித் தரச் சொல்லாதீர்கள், அப்படித்தான் சாப்பிடுவார்கள். ஃபாவா என்று மெனுவில் இருப்பதை அவரைக்காய் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது மஞ்சள் பருப்பை மசித்து வெங்காயம் தூவித் தருவது. ரசம் மட்டும்தான் பாக்கி.

மீன் சாப்பிடுபவர்களுக்கு: மெனுவில் போட்டிருப்பது ஒரு கிலோவின் விலை, ஒரு தட்டின் விலை அல்ல. உள்ளே போய் மீனைப் பார்த்து, கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்த மீன். கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் காசு உண்டு, அதற்குச் சண்டை போட வேண்டாம்.

இனி பில்.

அங்கே பில் தானாக வராது. கேட்டாலும் வராது. "தொன் லொகாரியாஸ்மோ, பாரகாலோ" என்று கேட்கவே நான் கிரேக்கம் கற்றேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். இந்தத் தீவில் எதையும் முடிக்கும் வழக்கமே இல்லையோ என்னவோ. துறைமுகத்தில் நிற்கும் போர்தாரா, கிமு 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் வாசல். அப்பொல்லோனாஸ் ஊரில் பத்து மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு சிலை, அரைகுறையாகச் செதுக்கிய நிலையில் இன்னும் மல்லாந்து கிடக்கிறது. எங்கள் பில்லும் அந்த வரிசைதான்.

கடைசிப் பயணத்தில் மலைமேல் அபீரந்தோஸுக்குப் போனோம். பளிங்குக்கல் பாவிய சந்துகள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேசைகள். கடைசி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போதே பில் கேட்டுவிட்டேன். மெனு அட்டையின் அடியில், சட்டப்படி ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். அன்று அதை மூன்று முறை படித்தேன். கடைசியில் கடைக்காரம்மா வந்தார், கையில் பில் இல்லை. ஒரு தட்டு தர்ப்பூசணி, சிறு கோப்பைகளில் அந்தத் தீவின் கித்ரோன் மது. காசு கிடையாதாம், கேராஸ்மாவாம், அவர்கள் நமக்கு வைக்கும் விருந்து. மனைவி நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

நியாயமாகச் சொன்னால், ஒரு முறைகூட எங்களை யாரும் மேசையை விட்டு எழுப்பியதில்லை. ஒரு காப்பிக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே கல்லாவுக்கே போய்க் கட்டிவிடலாம் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். மனைவிதான் விடுவதில்லை: "பிச்சை கேட்கிற மாதிரி அங்கே போய் நிக்காதீங்க."

நண்பனுக்குப் பதில்: சைவத்துக்கு நக்சோஸைப் போல் ஊர் இல்லை. பில்லைப் பழம் வருவதற்கு முன்பே கேள், பஸ் நேரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த டாக்சிக்குக் கொடுத்த 45 யூரோ மறந்த பிறகு கேட்டால் கொஞ்சம் கூட்டிப் போடுவேன்.