"எழும்பிட்டான், ஓகே" என்றார் கோச்

திருகோணமலையில் பிள்ளைகளைக் காசு கட்டி உதைபந்தாட்டப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் வாசியுங்கள். தலையில் அடிபட்ட என் மகனைத் தொடர்ந்து விளையாட வைத்த பயிற்சி நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

என் மகனுக்கு 16 வயது, கோல்கீப்பர். மாதக் கட்டணத்தோடு முதலுதவிக்கு என்று 500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். பற்றுச்சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு மட்சில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பெடியனின் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சில விநாடி அப்படியே கிடந்தான். முதலுதவி என்று ஓடி வந்தவர் கையில் ஒரு ஸ்பிரேயும் தண்ணீர்ப் போத்தலும்தான். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி நிறுத்தினார். "எழும்பிட்டான், ஓகே" என்றார் கோச். பெஞ்சில் இன்னொரு கீப்பர் இருந்தும் மிச்ச 20 நிமிடமும் இவனைத்தான் நிற்க வைத்தார்கள்.

ஓட்டோவில் உப்புவெளிக்கு வருவதற்குள் "அப்பா, ஸ்கோர் என்ன?" என்று மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் பதில் சொன்னேன், களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு. அது என் பிழை. இரவு லைட் போட விடவில்லை. தலையிடி என்று சுருண்டு படுத்தவன், பிறகு இரண்டு தரம் சத்தி எடுத்தான். கோச்சுக்கு ஃபோன் எடுத்தால், "வெயில்தான் அண்ணை, ரெண்டு பனடோல் குடுங்கோ" என்கிறார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மூளையதிர்வு, கன்கஷன் என்றார் டாக்டர். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்றில்லை, பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லையாம். கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, தள்ளாடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் கோச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது: "ஸ்கேன் நோர்மல்தானே, சனிக்கிழமை செமி ஃபைனலுக்கு அனுப்புங்கோ."

ஸ்கேன் எடுப்பது இரத்தக் கசிவோ எலும்பு வெடிப்போ இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் அதில் தெரியாது. முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். அபூர்வம்தான், ஆனால் இளவயதுப் பிள்ளைகளுக்கே அந்த ஆபத்து கூட. 2019இல் கன்பராவில் பிடரியில் பந்து பட்டு விழுந்த இலங்கை கிரிக்கெட் வீரர் திமுத் கருணாரத்னவை ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனதை எல்லோரும் டீவியில் பார்த்தோமே. அதே வருடம் ஆகஸ்டிலிருந்து இப்படி அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவரை இறக்க சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசியே அனுமதித்துவிட்டது. இங்கே ஒரு சின்ன மட்சுக்கு என்ன அவசரம்?

முதல் இரண்டு நாள் ஃபோனைக் குறைத்து, வீட்டுக்குள் மெதுவாக நடமாட விடச் சொன்னார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகுதான் விளையாட்டு. நடை, மெல்லிய ஓட்டம், பந்தோடு தனிப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலையிடி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். முட்டி மோதி விளையாடுவது டாக்டர் சரி சொன்ன பிறகுதான்.

தலையிடி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி வந்தால், வலிப்பு, கைகால் சோர்வு, கழுத்து நோ, எழுப்ப முடியாத தூக்கம் என்று எது இருந்தாலும் உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். தருகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. நீங்கள் காசு கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: தலையில் அடிபட்ட பிள்ளையை வெளியே எடுக்கும் பொறுப்பு யாருடையது? ஒரு ஆளைக் காட்டிச் சொல்லாவிட்டால் காசைக் கட்டாதீர்கள்.